எலும்பு டாக்டரின் சிவப்பு வண்டி குறித்து அக்காவுக்கு

என் பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் உடம்பு, மனசு, சமையலறைக் குழாய் எதிலும் கசிவில்லாமல் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய வலது முழங்காலும் அதேபோல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் “என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு” என்று நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். அது உண்மையில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படி.

என் பத்தொன்பதாவது வயதில் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், நீ துவைத்துக் காயப்போட்டிருந்த துணி அத்தனையையும் கொடியோடு வாரிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் முட்டினேனே, அன்றைக்கு என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். இனிமேல் கியர் வைத்த வண்டியைத் தொடமாட்டேன் என்று. முப்பத்தேழு வருஷமாக அதைக் காப்பாற்றி வருகிறேன். என் ஸ்கூட்டருக்குக் கியர் கிடையாது, வேகமும் கிடையாது. போன மாதம் ஒரு நாயும் நானும் ஒரே நேரத்தில் ஒரு தெருவைக் கடந்தோம், நாய் அவசரப்படவில்லை. ஆனால் அந்த வாக்கு எத்தனை வருஷத்துக்கு என்று நீ அன்றைக்குச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். நடுவில் என்னென்னவோ ஆகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் எலும்பு டாக்டர் வீட்டுக்கு அவருடைய அப்பாவின் பல் செட்டைக் கொண்டுபோனேன். பெரியவருக்கு வெளியே வர முடியாது என்பதால் நானே நேரில் போய் மாட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டியதாயிற்று. அவர்கள் வீட்டு முன் கொட்டகையில் போர்வை போர்த்தி ஏதோ நின்றது. காற்றில் போர்வை ஒரு ஓரமாக விலகியது. சிவப்பு. அக்கா, நான் முப்பது வருஷமாக மெழுகிலும் சாந்திலும் பல் வார்க்கிறவன். வளைவு என்றால் என்ன, மெருகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்ரோல் டேங்கைச் செய்தவன் என்னைவிடப் பெரிய தொழிலாளி. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதுபோல முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தூக்கி, ரேஸ் மோட்டார் சைக்கிள் ஜாதி. ஆறு வருஷம் பழசு, ஓடினது ரொம்பக் கம்மி.

“விற்கப்போறேன், பாக்குறீங்களா?” என்றார் டாக்டர்.

“ஏன் விக்கிறீங்க?”

“இதுல குனிஞ்சு குனிஞ்சு எனக்கே கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சு. வர்ற நோயாளிகிட்ட எல்லாம் இந்த மாதிரி வண்டி ஓட்டாதீங்கன்னு சொல்றேன். அவங்க ஜன்னல் வழியா என் வண்டியப் பாக்குறாங்க. சங்கடமா இருக்கு.”

எலும்பு டாக்டரே பயந்து விற்கிற வண்டி என்றால், புத்தி உள்ளவன் அங்கேயே கும்பிடு போட்டிருக்க வேண்டும். நான் உள்ளே போய்ப் பெரியவருக்குப் பல்லை மாட்டிவிட்டேன். மாட்டியதும் ‘ச’ சுத்தமாக வருகிறதா என்று பார்க்க எல்லோரையும் நான் சில வார்த்தைகள் சொல்லச் சொல்வது வழக்கம். பெரியவர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சீப்பு. சோப்பு. அந்தச் சனியனை வாங்காதீங்க.” ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடிபோல வந்தது. என் வேலையில் எனக்கு அவ்வளவு திருப்தி வந்த நாள் குறைவு. ஆனால் சொன்ன விஷயம் மனசில் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று உனக்குத் தெரியாது. நான் பேசுவது எதுவும் காற்றோடு போவதில்லை. வண்டியைப் பற்றி முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்க போறதுக்கு?”

என் பட்டறை வீட்டிலிருந்து நடந்து போனால் பதினோரு நிமிஷம். கடை எதிர்த்தாற்போல். போகவேண்டிய கல்யாணங்களுக்கெல்லாம் பஸ் இருக்கிறது. “சும்மா பாத்துட்டு வரலாம்னு” என்றேன். “சும்மா பாத்தாச்சே, இன்னைக்கு” என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காதுகாரரைக் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். காதுகாரர் எங்கள் தெரு மெக்கானிக். நீளமான திருப்புளியின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார். அதனால் அந்தப் பேர். மனுஷர் பேசுவதைவிட இஞ்சின் பேசுவதை அதிகம் நம்புகிறவர். ரொம்ப நேரம் கேட்டார். டயரை நகத்தால் கீறினார், செயினைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “இஞ்சின் பொய் சொல்லல. ஆனா வண்டி இந்தப் பக்கமா ஒருவாட்டி படுத்திருக்கு.”

டாக்டர் முகம் வண்டி நிறத்துக்கு வந்தது. “ஓடும்போது இல்லை” என்றார். “இதே இடத்துல, நின்னுக்கிட்டு இருக்கும்போது. கால் எட்டல.”

“தெரு முனை வரைக்கும் ஓட்டிப் பாருங்க” என்று டாக்டர் தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார். ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. வலது காலைத் தூக்கினால் பின்சீட்டு உயரம் வரை போய் நின்றுவிட்டது, மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. காதுகாரர்தான் முட்டியைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். உட்கார்ந்ததும் நான் கும்பிடுகிறேனா படுத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கிளட்சை விட்டேன். முதல் கியரிலேயே என் ஸ்கூட்டர் தன் வாழ்நாளில் பார்க்காத வேகம். தெரு முனை வந்தது, போனது. திரும்பலாம் என்றால் முன்சக்கரம் கொஞ்சத்துக்கு மேல் வளையவில்லை. இந்த வகை வண்டிகளின் குணமே அதுதானாம், டாக்டர் பிற்பாடு சொன்னார். திரும்ப முடியாததால் நேராகப் போனேன். அந்தச் சாலை நேராகப் போய் முடிகிற இடம் டாக்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் போகும் வழியாக உள்ளே நுழைந்து, அவசரப் பிரிவு வாசலில் எப்படியோ பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டேன். ஒரு கீறல் கிடையாது, யாரையும் இடிக்கவும் இல்லை. இறங்கவும் இறங்கிவிட்டேன். நிமிரத்தான் முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரி ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் ஒருத்தன் இரண்டாக மடங்கி நின்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வாட்ச்மேன் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து பின்முழங்காலில் ஒரு இடி கொடுத்தார், உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிமிஷம் எக்ஸ்ரே வரிசையில் மூன்றாவது ஆள் நான்.

“எங்க விழுந்தீங்க?” என்று கேட்டார் நர்ஸ்.

“விழல.”

“அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?”

“ஓட்டினேன்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “தலையில அடி பட்டிருக்கும்போல, சிரிச்சுக்கிட்டே இருக்கார்” என்று உள்ளே சொல்லி அனுப்பினார். அக்கா, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரிப்பது கேட்டு, அது நான்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பாதிச் சாலை ஆகியிருந்தது. மரங்கள் எல்லாம் எனக்கு வழிவிட்டதுபோல ஒரு இது. அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

வண்டியோடு நான் ஓடிப்போய்விட்டேன் என்று நினைத்து டாக்டரும் காதுகாரரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். காதுகாரர் போன் செய்து உன் தம்பி மனைவியும் வந்துவிட்டாள். டாக்டர் என்னைக் குப்புறப் போட்டு முதுகில் இரண்டு இடத்தில் அழுத்தினார். மளுக்கென்று ஒரு சத்தம், நேராகிவிட்டேன். “வண்டி எப்படி?” என்று கேட்டார். உன் தம்பி மனைவி வீடு வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

இந்த மூன்று நாளாக நன்றாக யோசித்தேன். வண்டி நல்ல வண்டி. ஆனால் அதற்கு ஏற்ற முதுகு என்னிடம் இல்லை. போவதற்கு இடமும் இல்லை. எனக்கு என்ன குறைச்சல்? காலையில் நடை, பதினோரு நிமிஷத்தில் பட்டறை, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வரிசையாகப் பற்கள், சாயங்காலம் அவளோடு ஒரு டீ. வேண்டாம் என்று தீர்மானமாக முடிவு செய்துவிட்டேன். டாக்டரிடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன். ஆகவே உன்னிடம் வாக்கிலிருந்து விடுதலை கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. நிம்மதியாக இரு.

அத்தானை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல். உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். உன் ஆசீர்வாதம் எப்போதும்போல, திட்டு கலந்ததாக இருந்தாலும், எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
எதற்கும் ஆசைப்படாத,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் புதன்கிழமை எழுதி மேஜையில் வைத்திருந்தேன். உன் தம்பி மனைவி எடுத்துப் படித்திருக்கிறாள். இன்றைக்கு வெள்ளி. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால் வாசலில் சிவப்பாக நிற்கிறது. அவளே டாக்டரிடம் பேசி முடித்து, காதுகாரரை விட்டுக் கைப்பிடியை நாலு விரல் உயர்த்தி, நான் நிமிர்ந்து உட்காரும்படி செய்துவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். “இருபத்தொன்பது வருஷத்துல நீங்க எதையும் வேணும்னு கேட்டதில்ல. பரவாயில்லன்னுதான் சொல்லியிருக்கீங்க. அந்தச் சக்கர நாற்காலியில உங்க மூஞ்சியப் பாத்தேன்” என்றாள். அதோடு, எங்கே போவது என்பதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். கடிதம் தபாலில் வர நாலு நாள் ஆகுமாம், வண்டியில் மூன்று மணி நேரம்தானாம். எனவே இதில் தபால்தலை இல்லையே என்று திகைக்காதே. ஞாயிறு காலை நாங்களே நேரில் கொண்டுவந்து தருகிறோம். இதை உனக்கு எப்படி முன்கூட்டித் தெரிவிப்பது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. சனிக்கிழமை போன் செய்து ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், காரணம் கேட்காதே: அத்தானுடைய பூந்தொட்டிகளை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடு.