எண்ணெய்ச் சட்டி இறங்கிய நாள்

"மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள்" என்று ஒரு முதலாளி சொன்னால், அவர் மனதில் பட்டதை நாம் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயம் எல்லோருக்கும் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு பாடை கட்டி, ஒப்பாரி வைத்த பிறகுதான் தெரிந்தது.

அப்போது காரைக்குடியில் ஒரு பலகாரக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தேன். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் அங்கிருந்து சிங்கப்பூர் வரை பெட்டி பெட்டியாகப் போகும். நான் எம்.பி.ஏ. (யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்). மதுரையில் புதுக் கிளை திறக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கு மேனேஜர் நான்தான் என்று நானே முடிவு செய்து, கல்லலில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் மனைவியை எல்லோரும் ஆச்சி என்போம். காலையில் சுட்ட பலகாரத்தை ஆச்சி வாயில் போட்டு, மென்று, "ம்" என்று சொன்னால்தான் பெட்டி கட்டலாம். ஆச்சி குளித்து, சாமி கும்பிட்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். லாரிக்காரர் வாசலில் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். டீக்கடையில் எங்களுக்கு இதை விட்டால் வேறு பேச்சே கிடையாது. அதில் முதல் ஆள் பேக்கிங் சூப்பர்வைசர் சேகர் அண்ணன். "ஒரு 'ம்'முக்காக லோடு மொத்தமும் காத்துக் கெடக்கு தம்பி" என்பார்.

இந்த நிலைமையில் முதலாளி ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்பி வரும்போது "டீமுக்குள்ள புதுமை வேணும்ப்பா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து இறங்கினார். கம்பெனியில் எல்லோரும் உட்கார இடமில்லாததால், ஒட்டியிருந்த முதலாளி வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டோம்.

"இன்னைக்கு இங்க முதலாளியும் இல்ல, தொழிலாளியும் இல்ல. எந்த யோசனையும் தப்பு இல்ல" என்றார் பயிற்சியாளர்.

"ஆமாப்பா, பயப்படாமச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார் முதலாளி. (நினைக்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள் நினைப்பதைப் போல வேறு யாரும் நினைப்பதில்லை.)

பிறகு விளையாட்டு. வளர்ச்சிக்குத் தடையாக இருக்கும் ஒரு பழைய பழக்கத்தை ஒவ்வொரு குழுவும் தேர்ந்தெடுத்து, அதற்கு இறுதிச் சடங்கு செய்ய வேண்டுமாம். வெளிநாட்டில் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் செய்கிறார்களாம். மற்ற குழுக்களில் புத்திசாலிகள் இருந்தார்கள். ஒரு குழு தாமதமாக வருவதைப் புதைத்தது. இன்னொன்று வேலை நேரத்தில் செல்போன் பார்ப்பதைப் புதைத்தது. முதலாளி கைதட்டினார்.

சேகர் அண்ணன் என் காதருகே வந்தார். "தம்பி, இதை விட்டா நேரம் வாய்க்காது. நீங்க படிச்சவுக, எடுத்து விடுங்க."

எடுத்து விட்டேன். இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கயிற்றால் கட்டிப் பாடை ஆக்கி, மேலே ஒரு தட்டுத் தேன்குழலை வைத்தேன். எங்கள் சின்னம்மா ஊரில் பேர்பெற்ற ஒப்பாரிக்காரி. அந்த ராகம் எனக்கு அத்துப்படி. கண்ணை மூடி மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சீடையெல்லாம் ஆறிப்போச்சே, லாரியெல்லாம் நின்னுபோச்சே,
தொட்டுத் தொட்டுத் தின்னு பார்த்த மகராசி போயிட்டியே!"

பழக்கத்தைத்தான் அழ வந்தேன். ராகத்தின் வேகத்தில் மகராசி வந்து விழுந்துவிட்டாள். கைதட்டல் கிளம்பியது, திடீரென்று நின்றது. கண்ணை மூடியிருந்த நான் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது முறையும் பாடினேன்.

கண்ணைத் திறந்தபோது, எங்களுக்காகச் சுட்ட வெள்ளைப் பணியாரத்தைப் பெரிய தாம்பாளத்தில் ஏந்தியபடி ஆச்சி நின்றுகொண்டிருந்தார்.

"யாருப்பா போனது?"

ஆச்சியை யாரென்று அறியாத பயிற்சியாளர்தான் உற்சாகமாக விளக்கினார். "ருசி பார்க்கிறதுன்னு இங்க ஒரு பழைய பழக்கம் இருந்துச்சாம் மேடம். இன்னைக்கோட செத்துப்போச்சு!"

"அப்ப என்னையப் பாடையில எடுத்துட்டீகளாக்கும்" என்றார் ஆச்சி. குரல் உயரவே இல்லை. "சரி. எழவு விழுந்த வீட்டுல பணியாரம் எதுக்கு?"

தாம்பாளத்தோடு திரும்பி நடந்தவர், பின்கட்டில் நின்று பலகாரக் கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எண்ணெய்ச் சட்டிய எல்லாம் இறக்குங்க. துக்கம் முடியட்டும்."

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது ஆவணி மாதம். வரிசையாக முகூர்த்தம், வரிசையாகக் கல்யாண ஆர்டர். கொட்டகையில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலாளி பின்னாலேயே ஓடிக் கெஞ்சினார்.

"நீங்கதான பயப்படாமச் சொல்லச் சொன்னீக? நானும் பயப்படாமத்தான் சொல்றேன்" என்றார் ஆச்சி.

இதுதான் அன்றைக்கு உருப்படியாக நடந்த பயிற்சி. பயிற்சியாளர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. இது யார் யோசனை என்று முதலாளி கேட்டபோது சேகர் அண்ணன் முந்திக்கொண்டார். "நாங்க வேணாமுன்னுதான் சொன்னோம் முதலாளி, தம்பிதான் கேக்கலை." குழுவில் மற்றவர்கள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். டீக்கடையில் வருஷக்கணக்காக ஆட்டிய அதே தலைகள்தான்.

மூன்று நாள் சட்டி ஏறவில்லை. கடைசியில் கல்லலிலிருந்து அம்மா வந்தாள். மேனேஜரின் தாயாக அந்த வீட்டுப் படியேற வேண்டும் என்று பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தவள், வீட்டில் உடுத்தும் சேலையோடு பழத்தட்டை ஏந்தி முகப்பில் நின்றாள்.

"படிச்ச திமிருல செஞ்சுபுட்டான் ஆச்சி. நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

"நீங்க என்ன பண்ணுவீக? உள்ள வந்து உக்காருங்க" என்று ஆச்சி தட்டை வாங்கிக்கொண்டார். அடுப்பு பற்றியது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர் அவ்வளவு இரக்கமுள்ளவர் அல்ல. "புதுமைப் பிரிவுத் தலைவர்" என்று பதவி கொடுத்து, காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கும் குடோனில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். பிரிவில் நான் ஒருவன்தான். வேலை என்று எதுவும் வரவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். கணக்குப் பிரிவில் ஆச்சியின் அண்ணன் மகன் மெய்யப்பன் இருந்தான். ஒருநாள் அவன் ஆச்சியிடம் போய், "நீங்க எதுக்கு அத்தை வெயில்ல வாரீக? மொத நாள் சாயந்தரமே ஒரு ஈடு சுட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுறேன், பாத்துச் சொல்லுங்க" என்றான். ஆச்சி "ம்" என்றார். மறுநாளிலிருந்து லாரி விடியலிலேயே கிளம்பியது. அவனுக்கு மதுரைக் கிளை கிடைத்தது. "இது நமக்குத் தோணாமப் போச்சே" என்று சேகர் அண்ணன் என்னிடமே வந்து வியந்தார். எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. அதே பிரச்சினைதான். அவன் கேட்டான், நான் பாடை கட்டினேன்.

இப்போது வேறு ஒரு கம்பெனியில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை யோசனைக் கூட்டம் நடக்கிறது. "எல்லாம் நல்லாப் போகுது சார்" என்பதற்கு மேல் நான் பேசியதில்லை. குழுவோடு ஒத்துப்போகிறவர் என்று நல்ல பெயர்.

வீட்டில்தான் தப்ப முடியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைக்கும் முன் அம்மா கூடத்தைப் பார்த்துக் கத்துவாள். "ஏன்டா, இன்னைக்கு யாரையும் எடுக்கலையே? சட்டி வைக்கலாமா?"

என் மனைவி சிரிப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அந்தப் பட்டுச்சேலையை அவள் இன்றுவரை உடுத்தவில்லை. நான், "வைம்மா" என்பேன்.