ஆறு வார்ப்பு பாலடையும் ஒரு ரேங்க்கும்

எண்களிடம் எனக்கு ஒரு பலவீனம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாராவது "நிறையப் பேர்" என்று சொன்னால் நம்ப மாட்டேன். அதையே ஒரு எண்ணாக, நடுவில் ஒரு கமா போட்டுக் காட்டினால் அந்த நிமிஷமே நம்பிவிடுவேன். (பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் வாங்கிய மார்க்குக்கு ஒரு தடவைகூடக் கமா தேவைப்பட்டதில்லை. அந்த ஏக்கமாக இருக்கலாம்.) இந்தப் பலவீனத்தால், மட்டாஞ்சேரியில் ஒரு திருவோணத்தன்று, ஒரு நல்ல மனிதர் முப்பது வருஷமாகக் காப்பாற்றி வந்த பெயரை நான் பாயசத்தில் முக்கி எடுக்கப் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பகலில் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. சாயங்காலத்தில் எங்கள் சமூகத்துக்கே இலவசக் கம்ப்யூட்டர் வைத்தியன். சமூகம் என்றால், எப்போதோ பாலக்காட்டிலிருந்து வந்து கோவிலைச் சுற்றிக் குடியேறிய நாற்பது சொச்சம் தமிழ்க் குடும்பங்கள். எந்த வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் எனக்குத்தான் போன் வரும். ஒரு டம்ளர் காப்பியும் இரண்டு முறுக்கும் ஃபீஸ்.

இந்த வைத்தியத்துக்கு நடுவில் ஒரு வெப்சைட்டும் ஆரம்பித்திருந்தேன். பஞ்சாங்க வெப்சைட். அச்சுப் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது சென்னை சூரிய உதயம். கொச்சியில் சூரியன் அதைவிடத் தாமதமாகத்தான் எழுந்திருக்கும். இந்தச் சில நிமிஷ வித்தியாசத்தால் திதி எந்த நாளில் என்று சிராத்தத்துக்குச் சிராத்தம் அண்ணன் தம்பிகள் முறைத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு எங்கள் தலைமுறைக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க மலையாளம்தான் வரும். எனவே கொச்சிக் கணக்கில், இரண்டு எழுத்திலும், தினமும் திதி, நட்சத்திரம், ராகு காலம் போட்டேன். சமூகம் மொத்தமும் காலையில் பல் தேய்த்த கையோடு அதைத் திறந்து பார்க்கும்.

அந்த நாளில் ஒரு டூல்பார் இருந்தது. அதை இறக்கிவிட்டால் பிரௌசரின் உச்சியில் ஒரு பட்டை வந்து உட்காரும். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் நாட்டில் அது எத்தனையாவது இடம் என்று ரேங்க் காட்டும். என் ரேங்க்கை எல்லாரும் பார்க்க வேண்டாமா? வைத்தியத்துக்குப் போன வீட்டிலெல்லாம், கேட்காமலேயே, அந்த டூல்பாரையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சில மாதத்தில் ஏழு இலக்கத்தில் கிடந்த ரேங்க் ஐந்து இலக்கத்துக்கு வந்தது. அம்மா சேமியாப் பாயசம் வைத்தாள். அப்புறம் நாலு இலக்கம். நான் தெருவில் நடக்கும் நடையே மாறிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஹரிஹரன் மாமா வருகிறார். உறவு ஒன்றுமில்லை, சமூகத்துக்கே மாமா. கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். அவர் பெயரெல்லாம் கண்ணளவில் இருந்தது. கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் மண்டபத்து வாசலுக்குப் போவார், கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை ஒரு பார்வை பார்ப்பார், திரும்பி வந்து "இன்னும் ரெண்டு படி போடு" என்பார். முப்பது வருஷத்தில் அவர் சமையல் ஒரு நாளும் போதாமல் போனதில்லை, ஒரு கரண்டி மிச்சமானதும் இல்லை. "பத்திரிகை அடிச்சவன் கணக்கு சொல்லுவான். எனக்குச் செருப்பு போறும்டா" என்பார்.

ஓணத்துக்கு அவர் பாலடைப் பிரதமன் என்கிற பால் பாயசம் போட்டு விற்பார். பத்து நாள் முன்பே நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து விநியோகித்து, ஆர்டர் எடுத்து, இரண்டு வார்ப்பு இறக்குவார். (வார்ப்பு என்பது வெண்கலப் பாத்திரம். ஒரு ஆள் சம்மணம் போட்டு உள்ளே உட்காரலாம்.) அந்த வருஷம் நான் அவரிடம் போய், நோட்டீஸ் எல்லாம் பழைய காலம், என் சைட்டில் விளம்பரம் போடுங்கள், ஓசிதான் என்றேன். ரேங்க்கைக் காட்டினேன். எர்ணாகுளத்துப் பேப்பர் ஒன்றின் வெப்சைட்டைத் திறந்து அதன் ரேங்க்கையும் காட்டினேன். நான் அதற்கு முன்னால் இருந்தேன். ஆன்லைன் ஆட்கள் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அன்றைக்குக் காலையில்தான் போன் செய்வார்கள், கையிருப்புத் தயாராக இருக்க வேண்டும் என்று வேறு அளந்துவிட்டேன்.

மாமா அந்த நம்பரை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு இதொண்ணும் அறியாது, சந்துரு. நீ பறஞ்சா சரியாக்கும்" என்றார். (எங்கள் பாலக்காட்டுத் தமிழில் பறைவது என்றால் சொல்வது.) ஆறு வார்ப்புக்குப் பால் சொல்லிவிட்டார்.

திருவோணத்தன்று விடிகிற நேரத்தில் சமூக மடத்துப் பின்கட்டில் ஆறு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. போனுக்குப் பக்கத்தில் மாமாவின் பெண் கீதா, நோட்டும் பேனாவுமாக. அவள் ஸ்கூல் டீச்சர். ஆளைப் பார்க்கும்போதே தப்பைத் தேடுகிற பார்வை. நான் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஒரு போன். ஆறரைக்கு ஒன்று. ஏழு மணி வரை இரண்டே இரண்டு.

ரேங்க்கைத் திறந்து பார்த்தேன். ஏறியிருந்தது. மறுநாள் ஆவணி அவிட்டம். பூணூல் மாற்ற நேரம் பார்க்க அந்த வாரம் முழுக்கச் சமூகம் என் சைட்டே கதி என்று கிடந்தது. "ஏறறது மாமா" என்று கத்தினேன். மாமா துடுப்பைப் போட்டுக் கிளறியபடி, "போன் அடிக்கலையே" என்றார்.

எட்டு மணிக்குள் பதினோரு ஆர்டர். பால் சுண்டி ரோஜா நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அடுப்பு எனக்குப் பத்தடி தள்ளி எரிந்தது. ஆனால் என் முதுகில் எரிவதுபோல் இருந்தது. அந்தப் பால் சாயங்காலத்துக்கு மேல் தாங்காது. கீதா நோட்டை என் பக்கம் தள்ளினாள். "இந்தப் பேரெல்லாம் படி" என்றாள்.

படித்தேன். முதல் பெயர், நான் மவுஸ் மாற்றிக் கொடுத்த வீடு. இரண்டாவது, வைரஸ் எடுத்த வீடு. மூன்றாவது வீட்டில் பிளக் சொருகாமல் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று கூப்பிட்டிருந்தார்கள். பதினொன்றும் நான் முறுக்குத் தின்ற வீடுகள். டூல்பாரின் உதவிப் பக்கத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறந்தேன். கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தான்: இந்த டூல்பாரை வைத்திருப்பவர்கள் எந்தெந்தத் தளத்தைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் போடும் உத்தேசக் கணக்கு.

நாட்டில் அந்த டூல்பாரை எத்தனை பேர் வைத்திருந்தார்களோ தெரியாது. மட்டாஞ்சேரியில் ஒரு தெரு முழுக்க வைத்திருந்தது, என் தயவில். அவர்கள் எல்லாரும் தினமும் காலையில் ஒரே சைட்டைத் திறந்தார்கள்.

இந்த இடத்தில் யோக்கியன் மாமாவிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கீதாவுக்கே போன் போட்டு, கும்பளங்கியில் ஹோம்ஸ்டே நடத்தும் சேட்டன் பேசுகிறேன், நூறு லிட்டர் பாலடை வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். மாமா கொஞ்ச நேரமாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. (அதற்கப்புறம் என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.)

"சந்துரு, போன்ல உன் பேர் வரது" என்றாள் கீதா. "அப்பாட்ட நீயே போய்ப் பற. நான் பறய மாட்டேன்."

பதினைந்து அடி தூரம். அதை நடக்க எனக்கு அரை நாள் ஆனது போலிருந்தது. மாமா ஐந்தாவது வார்ப்பை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கி வைக்கிற வரை காத்திருந்தேன், கை நழுவினால் அந்தப் பழியும் சேர வேண்டாம் என்று. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார்.

"இந்தப் பட்டை இல்லாதவா வேற எதையாவது பாத்தா?"

"அவாளை எண்ண மாட்டா, மாமா."

"நம்ம சைட்டைப் பாத்தாலுமோ?"

"அப்பவும் எண்ண மாட்டா."

மாமா ஆறு வார்ப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அதாவது, நம்மாத்து வாசல்ல கிடக்கற செருப்பை எண்ணிட்டு, ஊர் பூரா பந்திக்கு வரதுன்னு எங்கிட்டப் பறஞ்சிருக்கே."

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தன் கண்ணை விட்டுவிட்டு என் நம்பரை நம்பிய மனிதர் அவர். நான் அழுதேன். புகை என்று சொல்லிப் பார்த்தேன், கீதா நம்பவில்லை.

தெருவில் கொடுத்துத் தீர்க்கலாம் என்றேன். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திருவோணத்தன்று கேரளத்தில் பாயசம் இல்லாத வீடு ஏது? ஓசியில் கொடுத்தாலும் வாங்க வயிற்றில் இடம் இருக்காது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னிக்கு ஆத்துக்குப் போக முடியாதவா யார் யாரு?" என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியும். தினமும் அவர்கள் நடுவில்தான் வேலை. துறைமுக கேட்டில் காவலர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், கோடவுனில் தங்கியிருக்கும் வடக்கத்தித் தொழிலாளர்கள், வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் டூட்டி நர்ஸ்கள். மாமா போனை என் கையில் கொடுத்தார். "ஒவ்வொரு இடமா விளிச்சுக் கேளு. உத்தேசமா வேண்டாம். ஆள் கணக்கு வேணும்."

கேட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் எழுதிய எண்களில் ஒன்றுக்கும் கமா இல்லை. இங்கே பதினாலு பேர், அங்கே முப்பத்தியாறு. மாமா என் தாளை வாங்கிப் பார்த்து, மனசுக்குள் ஏதோ கூட்டி, "ஒரு வார்ப்பு தெருவில ஆர்டர் தந்தவாளுக்கு. பாக்கி அஞ்சையும் வண்டியில ஏத்து" என்றார். இரண்டு கூட்ஸ் ஆட்டோவில் ஐந்து வார்ப்பும், பின்னால் அவர் ஸ்கூட்டரில் நானும், பாலம் தாண்டி வெலிங்டன் தீவுக்குப் போனோம். விற்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மணி வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என் ஆபீஸ் மேனேஜர் டூட்டி பார்க்க வந்தவர், என்னை அந்தக் கோலத்தில் பார்த்து, வேலை மாறிவிட்டாயா என்று விசாரித்தார். கேட்டில் ஒரு வயதான காவலர் இரண்டாம் தடவை டம்ளரை நீட்டி, பதினெட்டு வருஷமாக ஓணத்தன்று டூட்டியிலேயே இருக்கிறேன், யாரும் இங்கே பாயசம் கொண்டுவந்ததில்லை என்றார். மாமா அவருக்கு மூன்றாவது டம்ளரும் ஊற்றச் சொன்னார்.

கடைசி வார்ப்பு வைப்பின் போட் ஜெட்டியில் தீர்ந்தது. அடியில் சரியாக ஒரு கரண்டி. மாமா அதை எனக்கு ஊற்றிவிட்டு வார்ப்பைக் கவிழ்த்து வைத்தார். "மிச்சமில்லை" என்றார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத சிரிப்பு அப்போது வந்தது. எனக்கும் உயிர் வந்தது.

ஆவணி அவிட்டம் முடிந்த கையோடு வீடு வீடாகப் போய் டூல்பாரை எடுத்தேன். ஒரே மாதத்தில் ரேங்க் ஏழு இலக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாதான் கொஞ்ச நாள் துக்கம் காத்தாள். அடுத்த ஓணத்துக்கு மாமா பழையபடி நோட்டீஸ் அடித்தார். இரண்டு வார்ப்பு விற்க, ஒரு வார்ப்பு துறைமுக கேட்டுக்கு. அந்த ஒன்றுக்கு ஆள் கணக்கு எடுப்பது வருஷாவருஷம் என் வேலை. இன்றைக்கும் நடக்கிறது.

மாமாவின் செருப்புக் கணக்கு தெரு முழுக்கப் பரவியது. நான் மட்டும் அதிலிருந்து தப்பவில்லை. எனக்குப் பிரமோஷன் வந்தபோது, ஆபீஸில் எல்லாரும் என் பெயரைத்தான் சொன்னார்கள் என்று வீட்டில் பெருமையடித்தேன். அம்மா காப்பி ஆற்றியபடி, "செருப்பு யாரோடதாக்கும்?" என்றாள். என் கல்யாண போட்டோவுக்கு இருநூறு லைக் வந்தபோது கீதாவும் இதையே கேட்டு எழுதினாள். அவ்வளவும் சொந்தக்காரர்கள்தான் என்பதால் பதில் எழுத முடியவில்லை.

போன வாரம் டிவியில் ஒரு சேனல்காரன், நாங்கள்தான் நம்பர் ஒன் என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தான். கமா வைத்த ஒரு எண்ணும் கூடவே ஓடியது. அடடா, இத்தனை பேரா என்று வாயைப் பிளந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பெண்ணுக்கு எட்டு வயது. அந்த டூல்பாரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அப்பா, செருப்பு யாரோடதாக்கும்?"