பெரியம்மாவும் ஜரிகைக் கோட்டும்

யானை மேல் ஏறி உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை என்று போட்டோக்காரர் சபதம் எடுத்தார். அதை மனசுக்குள் எடுத்திருந்தால் வம்பே இல்லை. பக்கத்துக் கடை டெய்லர் முன்னால் எடுத்துத் தொலைத்தார். அதோடு விட்டாரா? ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக இருந்த கல்யாண ஜோடியைக் கழற்றி ஓரத்துக்குத் தள்ளினார்.

"காட்டைப் பார்க்கப் போறோம். திரும்பி வந்ததும் இந்த இடத்துல நான் இருப்பேன், யானை மேல" என்றார்.

டெய்லர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "பார்க்கத்தானே போறோம்" என்றார். அந்தப் பேச்சு போட்டோக்காரருக்கு முள்ளாகக் குத்தியது.

காட்டுக்குப் போகும் யோசனை அவருடையது அல்ல, மனைவியுடையது. அவள் கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ். கால் ஒடிந்த நாய், காது கிழிந்த பூனை, கயிறு அறுத்துக் கழுத்து புண்ணான கழுதை என்று விடிந்தால் பொழுது போனால் கட்டுப் போடுவதுதான் வேலை.

"ஒரே ஒரு மிருகத்தையாவது, அதுக்கு ஒண்ணுமே இல்லாதப்போ பார்க்கணுங்க" என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னைத் தேடி வராத மிருகம். இப்படி ஒருத்தி இருக்கான்னே தெரியாத மிருகம். அது பாட்டுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போகணும். நான் பார்த்துட்டு வந்துடணும்."

அதற்காகவே தேடிப் பிடித்த விடுதி அது. மிருகங்களைத் தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, மேலே ஏறக் கூடாது, சத்தம் போடக் கூடாது. போட்டோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே பையின் அடியில் ஜரிகைக் கோட்டை மடித்து வைத்தார்.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க வரும் மாப்பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கும் கோட்டு. ஒல்லிக்கும் குண்டுக்கும் அது ஒன்றுதான். அதனால் முதுகை மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டு, ஆளுக்குத் தகுந்தபடி கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பது வழக்கம். முன்னால் நின்று பார்த்தால் மகாராஜா. பின்னால் போய் யாரும் பார்ப்பதில்லை.

முதல் நாள் ஆற்றங்கரையில் ஓலைத் தட்டிக்குப் பின்னால் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மான் வந்தது. மனைவியின் முகம் மலர்ந்தது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க. போதும். கண்ணைச் சிமிட்டாதீங்க."

மான் போன திசை தெரியவில்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் மண்டகப்படி.

"மானுக்குக் கூடவா சொல்லுவீங்க?"

"கேமராவைத் தூக்கினா வாய் தானா பேசிடுதும்மா. எத்தனை வருஷத்துப் பழக்கம்."

"நாளைக்குக் காலையில யானைக் கூட்டம் தண்ணிக்கு வருமாம். அதுங்களையும் சிரிக்கச் சொல்லுவீங்களா?"

"சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் பதில் சொல்லவில்லை. பெண்டாட்டி பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று நம்பும் ஜாதி நம்மாள். நிம்மதியாக விடுதி டிரைவரைத் தேடிப் போனார்.

"தம்பி, இந்தப் பக்கம் யானை சவாரி எங்கே இருக்கு?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். "விசாரிச்சுச் சொல்றேன் சார்." போனான், சற்று நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தான். "ஒரு இடம் இருக்கு சார். யானைக்குப் பக்கத்துலயே போகலாம். காலையில போனா மத்தியானம் வரைக்கும் அது கூடவே இருக்கலாம்."

"மேல உட்காரலாமா?"

"அதை நீங்க யானைகிட்டதான் கேட்கணும் சார்."

"வீட்டுல சொல்லிடாதே."

"நான் எதுக்கு சார் இனிமே அக்காகிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

அதில் ஒரு 'இனிமே' இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் போட்டோக்காரருக்கு வயிற்று வலி. சுருண்டு படுத்து முனகினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா."

"இங்க?"

"அங்கயும்தான்."

"முழங்கால்ல?"

"அங்கயும் லேசா இழுக்குது."

"சரி, படுத்துக்குங்க. நான் ஆத்துக்குப் போயிட்டு வந்துடறேன்." துணைக்கு இருக்கட்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டாள். பொய் வலிதான் என்றாலும் அவருக்குக் கொஞ்சம் மனசு வலித்தது.

டிரைவர் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் பெரிய கொட்டகையும், சுற்றிலும் கனமான மரவேலியும் இருந்தன. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மாள் எதிரே வந்தாள்.

"போட்டோக்காரர் நீங்கதானே? வாங்க. பெரியம்மா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா."

நம்முடைய புகழ் இங்கேயும் வந்துவிட்டதே என்று பூரித்துப்போய் அவர் கோட்டை மாட்டிக் கிளிப்புகளைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு மண்வாரியை அவர் கையில் திணித்தாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டா படம்?"

"இதைப் பிடிச்சுக்கிட்டு வேலை. ராத்திரி பெரியம்மா போட்டதையெல்லாம் அள்ளணும். அப்புறம் அவளுக்குப் பூசணிக்காய் நறுக்கணும். இங்க வர்ற விருந்தாளிங்க எல்லாரும் இதைத்தான் செய்வாங்க."

"சவாரி?"

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். வயதான பெண் யானை ஒன்று நின்றிருந்தது, அதுதான் பெரியம்மா. அதன் முதுகு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ரோமம் முளைக்காத பழைய தழும்பு. முன்காலில் சங்கிலி தேய்த்த வளையம்.

"ஆளுங்களை ஏத்தி ஏத்தி இறங்கின முதுகு" என்றாள் அந்த அம்மாள். "எல்லாரும் ஒரே ஒரு படத்துக்குத்தான் ஏறினாங்க. கெட்டவங்கன்னு ஒருத்தரையும் சொல்ல முடியாது. இப்போ அவ முதுகுல தூசி கூட உட்கார விடறதில்லை, தானே தண்ணி பீச்சிக் கழுவிக்கறா."

போட்டோக்காரர் தம் ஜரிகைக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒரு முதுகில் உட்காரத்தான் ஊரிலிருந்து மடித்துக் கொண்டுவந்தோமா என்று வெட்கமாக இருந்தது. மண்வாரியால் அள்ள ஆரம்பித்தார்.

அங்கே அதை லத்தி என்றார்கள். அவர் மூக்குக்கு அது சாணிதான், அதுவும் மலை மலையாக. வண்டியில் அள்ளித் தள்ளினார், இடுப்பு கழன்றது. பூசணிக்காயை நறுக்கி வேலி இடுக்கு வழியாக வைத்தார். பெரியம்மா ஆற அமர வந்து சாப்பிட்டாள்.

"நாம அவளைத் தொடக் கூடாது. அவ நம்மளைத் தொட்டா அது அவ இஷ்டம்" என்றாள் அந்த அம்மாள்.

அடுத்த துண்டை எடுக்க அவர் குனிந்தார். பெரியம்மா துதிக்கையை நீட்டி அவர் முதுகில் பளபளத்த கிளிப்பை நுனியால் தடவிப் பார்த்து, மெதுவாக உருவி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. கோட்டு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் தொங்கியது. அவர் அசையவே இல்லை. ஜென்மத்தில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், கண்ணைச் சிமிட்டாமல் நின்றார்.

பின்னால் கேமரா சத்தம் கேட்டது. திரும்பினால், அவர் வேலியில் மாட்டி வைத்திருந்த கேமராவோடு மனைவி.

"வயித்து வலி எப்படி இருக்குங்க?"

"நீ எப்படிம்மா இங்க?"

"வயித்து வலிக்கு ஜரிகைக் கோட்டு எதுக்குன்னு இப்போ கேட்கலை. ஊர்ல பையைக் கட்டும்போதே பார்த்துட்டேன். டிரைவர் தம்பி வந்து கேட்டப்போ நான்தான் இந்த இடத்தைச் சொன்னேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆத்துக்கு யானைங்க கூட்டமா வந்துச்சுங்க. ஒரு குட்டி சேத்துல வழுக்கி விழுந்துச்சு. நான் பதறிப்போய் எழுந்துட்டேன். அது தானா எழுந்து அம்மா காலுக்கு நடுவுல ஓடிப்போச்சு. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை. கட்டுப் போட எனக்கு அங்க வேலையே இல்லைங்க."

இவளை மட்டும் ஏமாற்றி ஜெயித்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு முதுகைப் பள்ளமாக்கிக்கொண்டு இளித்திருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. நன்றி என்ற வார்த்தையை அவர் இதுவரை வாடிக்கைக்காரர்களிடம் மட்டும்தான் செலவழித்திருந்தார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். நெஞ்சிலிருந்து வந்தது. பெரியம்மாவுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஊர் திரும்பியதும் கண்ணாடிப் பெட்டியின் நடு இடத்தில் அந்தப் படத்தைத் தாமே மாட்டினார். குனிந்த ஒரு ஆள், பிளந்த கோட்டு, பக்கத்தில் மண்வாரி, மேலே ஒரு துதிக்கை. டெய்லர் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. முதுகைத் தைச்சுத் தரட்டுமா?" என்றார்.

போட்டோக்காரருக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் மனசைத் திறந்தார்.

"அடுத்த வருஷமும் அங்கேயே போகலாம்மா. அப்போ நானும் உன்கூட ஆத்தங்கரைக்கு வர்றேன். சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்."

"உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கஷ்டம்?" என்று அவள் அன்பாக இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். "வரும்போதே இடம் சொல்லி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எனக்கு ஆறு, உங்களுக்கு சாணி."