பாதித் தரை

மீனம்மாள் வீட்டுக் கூடத்தில் சரியாகப் பாதியைத் தேய்த்து முடித்ததும் லூர்துராஜ் பிரஷைக் கீழே வைத்துவிட்டான்.

அதுதான் தொழில். வெண்பனி தரை லோஷன் கம்பெனியின் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: பாதியைத் தேய், பாதியை விடு. ஒரு பக்கம் மொசைக் பளபளக்க, மறுபக்கம் பிசுக்கும் கறையுமாகக் கிடந்தால் எந்தப் பெண்மணிக்கும் மனசு பொறுக்காது. பொழுது சாய்வதற்குள் ஒரு பாட்டில் வாங்கியே தீருவாள்.

"மீதி?" என்று கேட்டாள் மீனம்மாள்.

"மீதியை நீங்களே தேச்சிக்கலாம்மா. ஒரு பாட்டில் வாங்கிக்கினா போதும்."

மீனம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "யோசிச்சு சொல்றேன் தம்பி. மெதுவா பேசு. அவரு நைட் ஷிப்டு முடிச்சிட்டு இப்பத்தான் படுத்துகினு கீறாரு."

யோசிக்கட்டும் என்று லூர்துராஜ் முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனான். அவனுக்குத்தான் யோசிக்க நேரமில்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் குன்றத்தூர் வரை அவனுக்கென்று ஒதுக்கிய ஏரியாவில் இந்த மாதம் ஒரு வீட்டில்கூட ரசீதுப் புத்தகத்தில் வாங்கியவர் கையெழுத்து விழவில்லை. "சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு கையெழுத்து. சொந்தக்காரங்க கையெழுத்து செல்லாது. இல்லன்னா பையை வெச்சிட்டுப் போயிடு" என்று சூப்பர்வைசர் டெனிசன் சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை. அவன் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஜாயுடைய அப்பா டெனிசனைவிடக் கறாரான மனிதர். மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்தால்தான் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்கச் சொல்வாராம். லூர்துராஜுக்கு ஜாய் மேல் உயிர். ஆக, அவனுடைய கல்யாணம் இப்போது மீனம்மாள் வீட்டுத் தரையில் பாதியில் நின்றது.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் பாடுபட்டு விட்டுவைத்த அழுக்குப் பாதியில் ஒரு பெண் மண்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பச்சைப் பை. போட்டிக் கம்பெனியான பளிங்கு லோஷனின் செந்தாமரை. பளிங்கு என்ற பெயரைக் கேட்டாலே டெனிசனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

"இன்னாக்கா இது? நான் விட்டுட்டுப் போன தரை."

"விட்டுட்டுத்தானே போன? அம்மா நேத்தே என்னைப் பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க."

"என்னைப் பத்து மணிக்கு வரச் சொன்னாங்க."

"ரெண்டையும் பாத்துட்டு நல்லதை வாங்கலாம்னுதாம்பா" என்றாள் மீனம்மாள், நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து. "ஆனா தம்பி, அந்தப் பொண்ணு தேச்ச பக்கம் கொஞ்சம் தூக்கலா கீதே."

லூர்துராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் பாதியை மறுபடி தேய்த்தான். இந்த முறை இரண்டு மூடி லோஷன். இப்போது அவன் பக்கம் தூக்கலாகிவிட்டது. செந்தாமரை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே பாதியைத் தேய்த்து, பாதியை விட்டாள். எந்தக் கம்பெனியானாலும் பாடம் ஒன்றுதான் போலிருக்கிறது. விட்ட பாதியை லூர்துராஜ் எடுத்துக்கொண்டான். அவன் தாழ்வாரத்தில் விட்ட பாதியை அவள் எடுத்துக்கொண்டாள்.

மீனம்மாள் மாதிரி ஒரு வாடிக்கையாளரை இரண்டு பேரும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் அக்கறையாகக் கேட்டாள்.

"ஒரு பக்கெட்டுக்கு எத்தினி மூடி?"

"ரெண்டும்மா" என்றான் லூர்துராஜ்.

"பிசுக்கு போவலன்னா ஜனங்ககிட்ட இன்னா சொல்லுவீங்க?"

"ஊற வைக்கணும்னு சொல்லுவோம்" என்றாள் செந்தாமரை.

"அது நல்ல பேச்சு" என்று தலையாட்டினாள்.

கடைசியில் படுக்கையறை. கட்டிலில் பாண்டுரங்கன், மீனம்மாளின் கணவர், குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் பத்து வருஷத்து அழுக்கு. பார்த்ததும் இருவருக்கும் கண் மின்னியது. இந்த அழுக்கைப் போக்குகிற லோஷன்தான் ஜெயிக்கும்.

"நீ தலைமாட்டைப் புடி" என்று கிசுகிசுத்தாள் செந்தாமரை.

ஆளோடு கட்டிலைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்கள். அவள் தேய்த்தாள். மறுபடி தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். இவன் தேய்த்தான். மூன்றாவது தடவை தூக்கியபோது பாண்டுரங்கன் பாதிக் கண்ணைத் திறந்து, "ஸ்டாப்பிங் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். கம்பெனி பஸ்ஸிலேயே பாதி ஆயுளைத் தூங்கிக் கழித்த மனிதர்.

மூன்றரை மணிக்கு வீடு முழுக்க முகம் பார்க்கலாம் போல இருந்தது. தேடினாலும் ஒரு கறை கிடைக்காது.

"எதும்மா நல்லாருக்கு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ரெண்டும் நல்லாத்தான் கீது" என்றாள் மீனம்மாள். "ஆனா வூடே சுத்தமாயிடுச்சேப்பா. இப்போ வாங்கி எதைத் தேய்க்கிறது? அழுக்காவட்டும், சொல்லியனுப்புறேன். இந்தா, காபியைக் குடிங்க."

காபி நன்றாக இருந்தது. அதுவும் லூர்துராஜின் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

தெருவில் இறங்கியதும் இருவரும் எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நடக்கத் தெம்பில்லை.

"ஏன்க்கா, நீங்க வந்து அந்தப் பாதியைத் தொடாம இருந்திருக்கக் கூடாதா? அஞ்சு மணிக்கு என் வேலை போவுது."

"எனக்கும் இன்னிக்குத்தாம்பா கடைசி நாளு" என்றாள் செந்தாமரை. "ஒரு கையெழுத்து இல்லாம போனா இந்தப் பையைப் புடுங்கிக்குவாங்க. வூட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

லூர்துராஜ் அவள் கைகளைப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் ஊறி, தோல் சுருங்கிப்போயிருந்தது. அவன் கைகளும் அப்படியேதான் இருந்தன. இவ்வளவு நேரம் எதிரியாக நினைத்த பெண்ணைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"அக்கா, உங்க கம்பெனியில யாரு கையெழுத்து செல்லாது?"

"சொந்தக்காரங்களுது."

"நாம சொந்தக்காரங்க இல்லையே."

செந்தாமரை பையைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். அவள் புத்தகத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். அவன் புத்தகத்தில் அவள் போட்டாள். பளிங்கு ஒரு பாட்டில் லூர்துராஜின் நீலப் பைக்குள் போனது. வெண்பனி ஒரு பாட்டில் பச்சைப் பைக்குள் போனது. கல்யாண ஓலை கண்ணில் தெரிய, லூர்துராஜ் ரசீதுப் புத்தகத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தான். செந்தாமரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு செல்லம்மாள் எட்டுப் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மீனம்மாள் வீட்டை நோக்கி வந்தாள். வந்த அதிர்ஷ்டத்தை விடுவானேன் என்று லூர்துராஜ் எழுந்து ஓடினான்.

"அம்மா, ஒரு நிமிஷம். தரை லோஷன் பாக்குறீங்களா?"

"வேணாம்பா, மீனம்மாவே போன வாரத்துலருந்து வேற ஒரு கம்பெனி லோஷன் விக்குறா, முட்டி வலிக்காரி நானே வூடு மொத்தத்தையும் அதைப் போட்டு ஒண்டியா தேச்சு வெக்கிறேன், சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பாருங்கடின்னு எங்களுக்கு நேத்தே சொல்லிட்டா" என்றாள் செல்லம்மாள்.