உண்டியல் சாரும் பச்சை அட்டையும்

விருது வாங்கும் இளம் தொழில்முனைவோர் என்றொரு இனம் இருக்கிறது. அதைத் தேடி நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஏதாவது ஓட்டலின் மாடி அரங்கில், ஏசி ஓடும்போதும் வியர்த்துக்கொண்டு, மைத்துனனிடம் இரவல் வாங்கிய கோட்டின் பொத்தானைப் போடலாமா கழற்றலாமா என்று குழம்பிக்கொண்டு, எதிரே வருகிற ஆளிடமெல்லாம் கைப்பேசியை நீட்டி "ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்" என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பார்த்ததும் தெரிந்துவிடும். குழந்தைகளுக்குப் பணத்தின் அருமையைச் சொல்லிக்கொடுப்பது இந்த இனத்தில் ஓர் உட்பிரிவு. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இந்தப் பிராணி வகுப்பு நடத்துவதாகச் சொல்லாது. விழிப்புணர்வை உருவாக்குவதாகச் சொல்லும். பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று அச்சடித்து வைத்திருக்கும். நிறுவனத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடும்.

என் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு இரண்டு அட்டைகள். நான் ஒரு பொருளைச் சொன்னதும், அது தேவை என்றால் பிள்ளைகள் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும். வெறும் ஆசை என்றால் சிவப்பு. மழைக்குக் குடை? பச்சை. வீட்டில் இரண்டு பந்து இருக்கும்போது மூன்றாவது பந்து? சிவப்பு. தூக்கியதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத அட்டை செல்லாது. பிள்ளைகள் எனக்கு 'உண்டியல் சார்' என்று பெயர் வைத்தார்கள். பெற்றோரும் அப்படியே கூப்பிட்டார்கள். கட்டணம் கேட்கும்போது மட்டும் யாரென்றே தெரியாதவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

ஒருநாள் விருதுக் குழுவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார்.

"சார், இந்த வருஷத்தோட சிறந்த இளம் தொழில்முனைவோரா உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம். பங்களிப்புத் தொகையை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடுங்க."

"எவ்வளவுங்க?" என்றேன்.

விருதுக்கு எதற்குப் பணம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், புது வாஷிங் மெஷினுக்காக வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த பணம். பழையது மண்டையைப் போட்டு மாதக்கணக்காகியிருந்தது. என் மனைவி குளியலறையில் குந்தி உட்கார்ந்து மூன்று பேர் துணியையும் கையால் துவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

"இது செலவு இல்லம்மா, முதலீடு" என்று அவளிடம் விளக்கினேன். "விருது வந்தா பள்ளிக்கூடமெல்லாம் நம்மளைத் தேடி வரும். ஒண்ணுக்கு ரெண்டு மெஷினா வாங்கலாம்."

"ரெண்டு எதுக்கு? எனக்கு இருக்கிறது ஒரு இடுப்புதானே" என்றாள்.

சொல்லிவிட்டு அழுக்குத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விழா மேடையில் விருதாளர்கள் நிற்க இடம் போதவில்லை. கீழே நாற்காலிகள் காலியாக இருந்தன. அறிவிப்பாளர் என் அட்டைகளைப் புகழ்ந்து பேசினார். எழுதிக் கொடுத்ததே நான்தான். பிறகு, முன்வரிசையில் அம்மா பக்கத்தில் அட்டைகளோடு உட்கார்ந்திருந்த என் மகளை மேடைக்கு அழைத்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்; என் வகுப்பை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"பாப்பா, அப்பாவுக்கு இந்த விருது தேவையா, ஆசையா?"

சிவப்பைத் தூக்கினால் மானம் கப்பலேறிவிடும். அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துப் பச்சையைத் தூக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு இறங்கிப் போயிருக்கக் கூடாதா? ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் காரணம் கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, மைக்கை வாங்கி நானே அவள் முன்னால் நீட்டினேன்.

"காரணம் சொல்லும்மா."

"அப்பாவுக்கு யாரும் சும்மா குடுக்க மாட்டாங்களாம். காசு கட்டினாத்தான் குடுப்பாங்களாம். அம்மா சொன்னாங்க" என்றாள். பிறகு என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "பாவம் அப்பா. அதனால தேவை" என்றாள்.

சிரிப்பு வெடிக்கப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், மேடையில் இருந்த அத்தனை விருதாளர்களும் என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடம் எதுவும் இதுவரை தேடி வரவில்லை. இப்போது துணி துவைப்பது நான். விருதாகக் கொடுத்த கேடயம் குளியலறை மாடத்தில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி வைத்த இடம், மாற்ற எனக்குத் தைரியமில்லை. நேற்று ஈரக் கையோடு போனை எடுத்தால், அதே பெண்மணி. "அடுத்த வருஷத்துக்கு, உங்களுக்குத் தெரிஞ்ச தகுதியானவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்க சார்."

நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்களே, உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். போன் வந்தால், "என்னை எதுக்குங்க?" என்று கேட்பீர்களா, "எவ்வளவுங்க?" என்று கேட்பீர்களா? இரண்டாவது என்றால் சொல்லியனுப்புங்கள். மைத்துனனுடைய கோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன்.