பெரியவர் போட்ட கையெழுத்து

இடுப்பை யாரோ அரம் வைத்து ராவுவது போலிருந்தது. சுவரில் இருந்த கடிதச் சட்டத்தைக் கழற்றி முக்காலியை விட்டு இறங்குவதற்குள் சுமைக்காரர் நாலு "ஐயோ" போட்டுவிட்டார்.

புத்தகக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. அவர் முதுகில் ஏறாத எழுத்தாளர் கிடையாது. எவரைப் பார்த்தாலும் கைப்பட ரெண்டு வரி, கீழே ஒரு கையெழுத்து கேட்பார். சேர்ந்த கடிதங்களை அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, வீடெல்லாம் மாட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, செத்துப்போன பெரிய எழுத்தாளருடைய கடிதம்.

ஒரு வண்டிப் புத்தகத்தை அந்தப் பெரியவருடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏற்றிய அன்று போன இடுப்புதான் இது. மறுநாள் தபாலில் கடிதம் வந்தது. உறையைப் பிரித்த சூட்டோடு, கையெழுத்து தெரிகிற மாதிரி ஒட்டிவிட்டார்.

"கூலியைக் கேக்க வாயில என்ன பூட்டா?" என்பாள் மனைவி.

"கூலி எவனும் குடுப்பான். கையெழுத்து எவன்டி குடுப்பான்?"

"தெருவுல அவரே கைதட்டிக் கூப்பிட்டப்பவும், எல்லாம் கிடைச்சுது ஐயான்னு கும்பிட்டு ஓடியாந்த ஆளுதானே நீ!"

இன்று நூலகர் வருகிறார். கடிதத்தை நூலகக் கூடத்தில் மாட்டி, அடியில் சுமைக்காரர் பேரையும் எழுதப்போகிறார். இதுவரை அந்தப் பேர் ஏறிய ஒரே இடம் கிடங்கின் வருகைப் பதிவுதான். பார்த்தால், ஈரம் ஏறிக் கடிதம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

கொதிக்கிற தண்ணீரின் ஆவியைக் காட்டினார். கண்ணாடி விட்டது. மையும் விட்டது. "அன்புள்ள" நீலக் குட்டையானது.

"இஸ்திரிப் பெட்டியக் கொண்டா!"

"ஏன்யா, கடுதாசி கல்யாணத்துக்குப் போவுதா?"

"வாய மூடிட்டுக் கொண்டாடி!"

தேய்த்தார். கடிதம் பெட்டியின் அடியில் ஒட்டி, அட்டையை விட்டு உரிந்து வந்தது. பெரியவர் போட்ட கையெழுத்து கருகிப்போயிருந்தது.

வாசலில் நூலகர்.

"வாங்க சார். லேசா வெயில் பட்டுடுச்சு..."

"ஆமா, வெயிலு இஸ்திரிப் பெட்டிக்குள்ளயிருந்து அடிச்சுது" என்றாள் மனைவி.

நூலகர் கடிதத்தைப் பார்த்தார். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையாட்டினார். "இத எப்படிங்க மாட்டுறது?"

சுமைக்காரர் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். இடுப்பு போனபோதுகூட அவர் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

நூலகர் தாளைத் திருப்பினார். "பின்னாடி பென்சில்ல எழுதியிருக்காரே, படிக்கலையா?"

"பின்னாடியா?"

நூலகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"'இந்தக் கடிதத்தைப் பதிப்பகத்துக் காசாளரிடம் கொடுத்தால் இரட்டைக் கூலி தருவார். நீ வந்து வாங்கும்வரை, மூன்று மாடி சுமந்த கூலி நான் உனக்குப் பட்ட கடன்.'"