மண்டோர் சிலுவாரில் ஒரு யானை

காலேஜ் படித்தவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுங்கள், கோணி ஊசியை மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூரில் என் காலேஜை மூடிவிட்டார்கள். கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு வாத்தியாராக வந்து விழுந்தேன். (பள்ளி என்றால் நாலு கம்பம், ஒரு அத்தாப்பு ஓலைக் கூரை.) காகிதம் கிடையாது, சிலேட்டு கிடையாது. என்னிடம் இருந்ததெல்லாம் மூட்டை மூட்டையாகத் திமிர்.

வந்த வாரமே, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காலையில் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"வாத்தியாரே, மத்தியானம் ஜப்பான் ஆபிசர் வர்றாரு. மொதல்ல பெரட்டுல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஆள் எண்ணுவாரு. அப்புறம் புள்ளைங்க கைவேல பாப்பாரு. ஒண்ணும் இல்லேன்னா பள்ளிக்கூடத்த மூடிட்டு, புள்ளைங்கள கெழங்குக் காட்டுக்கு அனுப்பிருவாரு லா!"

"பெரட்டுல ஆள் கொறஞ்சா?"

"கொறஞ்ச ஆளு சயாமுக்கு. ரயில் ரோடு போட. போனவன் திரும்புறதில்ல."

"பள்ளிக்கூடத்த எங்கிட்ட விடுங்க, ஜமாய்ச்சிரலாம்," என்றேன். (ஜமாய்த்தேன்.)

பிள்ளைகளைக் கூப்பிட்டு, "யானை பொம்மை செய்யப் போறோம். வெளிய சும்மா கெடக்குற சாக்கு, கயிறு, ரப்பர் கொட்டை, எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க," என்றேன். பறந்தார்கள். ஒரு குவியல் சாக்கோடு திரும்பி வந்தார்கள். எல்லாம் ஈரம் கூடக் காயாத, சுத்தமான சாக்கு. தோட்டத்து ஜனங்கள் துவைத்தே நன்கொடை கொடுக்கிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. ஒரு சாக்கில் கால் நுழைய இரண்டு குழாய் வேறு இருந்தது. யானைக்கு முன்னங்கால் ரெடி என்று குதித்தேன்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் சின்ன மகள் புஷ்பம், "சார், இது எங்கப்பா..." என்று இழுத்தாள்.

"பேசாம தை!"

துணியே கிடைக்காத காலம். சாக்கைத்தான் எல்லாரும் சிலுவாராகவும் (கால்சட்டைதான்) சட்டையாகவும் உடுத்தினார்கள். தினமும் கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும், ஆள் உள்ளே இல்லாதபோது அது வெறும் சாக்காகத்தான் தெரிந்தது எனக்கு.

உள்ளே லாலான் புல், கண்ணுக்கு ரப்பர் கொட்டை, ஒட்டுவதற்குக் கிழங்கு மாவுப் பசை. பெரட்டு மணி அடித்தபோது பள்ளியில் ஒரு யானைக் கூட்டமே நின்றது. பெரட்டில்தான் கூட்டமில்லை.

கோவணத்தோடும் ஒரு வாழையிலையோடும் மண்டோர் வந்து நின்றார்.

"எங்கய்யா என் சிலுவாரு?"

"எந்தச் சிலுவாருங்க?"

"அந்தா தும்பிக்கையோட நிக்குது பாரு, அது! ஆபிசரு வர்றாருன்னு காலையிலதான் எல்லாத்தையும் வெந்நியில அவிச்சு வேலியில போட்டோம். பாதி ஆம்பளைங்க வெளிய வர முடியாம லயத்து வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்கானுங்க. லாரிச் சத்தம் கேக்குது, யானையப் பிரிய்யா!"

பிரித்தோம். பல்லால், நகத்தால், கண்ணீரால். பிள்ளைகள் ஆளுக்கொரு சிலுவாரைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். மண்டோருடையது கடைசி. புல்லை மட்டும் உருவ முடிந்தது, முகத்தைப் பிரிக்க நேரமில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஆபிசர் இறங்கினார். ஆள் கணக்கு சரி. எல்லாரும் குனிந்து வணங்கினோம். முன்வரிசையில் மண்டோர் குனிந்தார். அவர் பின்பக்கத்திலிருந்து இரண்டு ரப்பர் கொட்டைக் கண்கள் எங்களைப் பார்த்தன. தும்பிக்கை இடவலமாக ஆடியது.

யாரோ மூக்கால் சிரித்தான். அப்புறம் வரிசையே குலுங்கியது. ஆபிசர் மெதுவாகச் சுற்றி வந்தார். சிரிப்பு செத்தது. தடியால் தும்பிக்கையைத் தூக்கிப் பார்த்து ஏதோ உறுமினார்.

கிராணி மொழிபெயர்த்தார். "யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு."

எனக்குச் சயாம் கண்ணுக்குத் தெரிந்தது. மண்டோர் என்னைக் காட்டவில்லை. குனிந்தபடியே சொன்னார்: "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கைவேலங்கய்யா. நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க."

ஆபிசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பள்ளி பிழைத்தது. போகும்போது, பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரு குட்டி யானையைத் தூக்கி லாரியில் வைத்துக்கொண்டார். அது மண்டோரின் சட்டை.

மண்டோர் என்னைப் பார்த்தார். "கழட்டு."

சண்டை முடியும் வரை அவர் என் வெள்ளைக் காலேஜ் சட்டையில் தோட்டத்தைச் சுற்றினார். நான் சாக்கில் பாடம் நடத்தினேன்.

பிற்பாடு அவருடைய மூத்த மகளைப் பெண் கேட்டுப் போனேன். "சட்டைய வாங்கிட்டோம், பொண்ணு இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் புது வேட்டியை நீட்டுவார். கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு மகளைப் பார்ப்பார். என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"தைரியமாக் குடுங்கப்பா, ஊசிய ஒளிச்சு வச்சிட்டேன்."